பாளையங்கோட்டைக்கு ஒரு டிபன் பாக்ஸ்

மே 3, சனி

இரண்டு வாரம் நான் வாய் திறக்கக் கூடாது. டாக்டர் உத்தரவு. மெதுவாகப் பேசலாமா என்று சைகையில் கேட்டேன். குசுகுசுவென்று பேசுவது கத்துவதைவிடக் கெடுதலாம். செருமக்கூடக் கூடாதாம். என் மனைவி ஹெப்சிபா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவள் முகத்தில் லேசாக ஒரு நிம்மதி தெரிந்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

குரல்நாணில் சின்னதாக ஒரு வளர்ச்சி. வியாழக்கிழமை எடுத்துவிட்டார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நல்லதா கெட்டதா என்பது பதினேழாம் தேதி தெரியும். கெட்டது என்றால் அடுத்து என்னென்ன செய்வார்கள் என்று டாக்டர் விளக்கினார். "குரல் போக வாய்ப்பிருக்கு" என்பதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

மற்றவன் என்றால் பரவாயில்லை. நான் எட்வின். தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் குமாஸ்தா என்பது சம்பளத்துக்கு. ஊர் என்னை அறிந்திருப்பது மைக்கில். கோடை வந்தால் சுற்றுவட்டாரத்தில் எங்கே வாலிபால் போட்டி நடந்தாலும் வர்ணனை என்னுடையதுதான். ஒரு பந்து வலையைத் தாண்டுவதற்குள் நான் நாலு வாக்கியம் சொல்லிவிடுவேன்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஷைனிதான், "பேச முடியலன்னா எழுதுங்கப்பா" என்று யோசனை சொன்னாள். உப்புக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. எழுதுகிறேன். யாரும் கைதட்ட வேண்டாம்.

மே 4, ஞாயிறு

கோயிலில் ஆராதனைப் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தேன். முன்வரிசை திரும்பித் திரும்பிப் பார்த்தது. இன்றைக்குத்தான் மற்றவர்கள் பாடுவது எனக்குக் கேட்டது. சுமார்தான்.

மே 5, திங்கள்

ஷைனி சின்ன வயதில் வைத்திருந்த, எழுதி எழுதி அழிக்கிற பிளாஸ்டிக் சிலேட்டை ஹெப்சிபா தேடி எடுத்து, கயிறு கட்டி என் கழுத்தில் மாட்டிவிட்டாள். அதோடு மீன் வாங்கப் போனேன். "ஊளி என்ன விலை?" என்று எழுதிக் காட்டினேன். மீன்காரம்மாள் சிலேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு எனக்குக் காது கேட்காது என்று முடிவுகட்டி, தெருவே திரும்பும்படி விலையைக் கத்தினாள். நான் குறைத்து எழுதினேன். அவள் இன்னும் சத்தமாகக் கத்தினாள். நான் அழித்து எழுதுவதற்குள் பின்னால் வந்தவர் மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மிச்சம் கிடந்த மீனைச் சொன்ன விலைக்கே வாங்கினேன். விலை குறைக்காமல் வாங்கியது என் வாழ்க்கையில் இதுவே முதல்முறை.

வீட்டுக்கு வந்தால் சிலிண்டர் வந்து இறங்கியிருந்தது. ஏற்கெனவே ஒன்று நிறைந்து நிற்கிறது. இவளுக்கு எப்போதும் ஒன்று மிச்சம் இருந்தாக வேண்டும். அரிசியில் ஒரு மூட்டை, தீப்பெட்டியில் ஒரு கட்டு, வீட்டுச் சாவியில்கூட ஒன்று எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள். நான் கேலி செய்ய வாயெடுத்தேன். நினைவு வந்து மூடிக்கொண்டேன். சிலேட்டில் கேலியை எழுதிக் காட்டுவதற்குள் அது ஆறிப்போய்விடுகிறது.

மே 7, புதன்

பரணில் ஏறினேன். பெடஸ்டல் ஃபேன் தேடி ஏறியவன் வேறொன்றோடு இறங்கினேன்.

ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். வட்டமானது, பக்கத்தில் கொக்கி போட்டது. மெல்லிய துணியில் சுற்றி, ஓரமாகப் பத்திரமாக வைத்திருந்தது. இந்த வீட்டில் எந்தப் பாத்திரத்தையும் ஹெப்சிபா சும்மா இருக்க விடுவதில்லை; அலுமினியக் கிண்ணத்தில்கூடக் கடுகு போட்டு வைப்பாள். இதை மட்டும் ஏன் துணி சுற்றி வைத்தாள் என்று தெரியவில்லை. திறந்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கறுப்பு ஃப்ளாப்பி.

எனக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: கண்ணும் கலங்கியது. அது 'அட்மிரல்'.

அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டின் முழுப்பெயர் ஆங்கிலத்தில் ஒரு முழ நீளம். நாங்கள் அட்மிரல் என்றுதான் சொல்வோம். தொண்ணூற்றைந்தில் என் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பாளையங்கோட்டையில் என் கல்லூரி நண்பன் ஆசீர் வீட்டு மாடியில் டைப்பிங் கிளாஸ் நடத்திவந்தான். அவனும் ஒன்று வாங்கிப் போட்டிருந்தான். கப்பலில் வந்த யாரோ ஒருவர் கொடுத்த விளையாட்டு அது. நூறு வருஷத்துக்கு முந்திய நீராவிப் போர்க்கப்பல்கள். திரை முழுக்க நீலம், அதில் வெள்ளைப் புள்ளிகள். பார்ப்பவர்களுக்கு அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயர், ஒரு கேப்டன், அந்தக் கேப்டனுக்கு ஒரு சுபாவம். கோழையும் உண்டு, முன்கோபியும் உண்டு. காற்று, அலை, மூடுபனி எல்லாம் கணக்கு. நிலக்கரி தீர்ந்தால் எவ்வளவு பெரிய கப்பலும் நடுக்கடலில் சும்மா நிற்கும். நீங்கள் போடும் உத்தரவு கப்பலுக்குப் போய்ச் சேரப் பாதி நாள் ஆகும்; போய்ச் சேர்ந்தாலும் அந்த ஆள் கேட்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வழிகாட்டிப் புத்தகம் ஜெராக்ஸ் எடுத்தபோது தலையணை கனம் வந்தது. இப்போதைய பிள்ளைகள் சுடுகிறார்கள், சாகிறார்கள், மறுபடி எழுகிறார்கள். எங்களுக்கு ஒரு துறைமுகத்தைப் பிடிக்க மழைக்காலம் முழுக்க ஆனது. அதில் இருந்த சுகத்தை நான் யாருக்கும் சொல்லிப் புரியவைத்ததில்லை. ஹெப்சிபாவைத் தவிர. பாவம், அவள் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மே 8, வியாழன்

மதியம் முழுக்கச் சின்ன வெங்காயம் உரித்தேன். பேசாதவனுக்கு இந்த வீட்டில் வேலைக்குப் பஞ்சமில்லை.

நேற்று விட்டதை எழுதுகிறேன். நான் தூத்துக்குடி, ஆசீர் பாளையங்கோட்டை. இன்டர்நெட் என்ற பேச்சே இல்லாத காலம். நான் என் கப்பல்களுக்கு உத்தரவு போட்டு, ஃப்ளாப்பியில் ஏற்றி, பஸ்ஸில் கொடுத்துவிடுவேன். அவன் தன் உத்தரவைச் சேர்த்தால் கம்ப்யூட்டர் சண்டையை நடத்தி முடிவு காட்டும். பிறகு ஃப்ளாப்பி எனக்குத் திரும்பும். பச்சை நிற பஸ் ஒன்று. அதன் டிரைவர் சுடலைமுத்து அண்ணாச்சி எங்களுக்குத் தபால்காரர்.

முதல் மாதமே ஒரு விபத்து. அண்ணாச்சி ஃப்ளாப்பிக் கவரைப் பத்திரமான இடம் என்று டிரைவர் சீட்டுக்கு மேலே ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்திருக்கிறார். தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் பாட்டு. ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தம் என் படையை மொத்தமாகத் துடைத்துவிட்டது. குண்டே படாமல் பதினோரு கப்பல் போச்சு. "நான் தொடவே இல்ல தம்பி, அது பாட்டுக்கு மேல இருந்துச்சு" என்று அண்ணாச்சி சத்தியம் செய்தார்.

அதன் பிறகுதான் டிபன் பாக்ஸ். எவர்சில்வருக்குள் இருந்தால் காந்தம் அண்டாது என்பது ஆசீரின் கண்டுபிடிப்பு. சரியோ தப்போ, அப்புறம் ஒன்றும் அழியவில்லை. ஆனால் டிபன் பாக்ஸ் வந்தால் அதை வெறுமனே திருப்பி அனுப்ப எங்கள் அம்மா விடுவார்களா? "யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுசா அனுப்பக் கூடாதுல" என்று மக்ரூன் வைத்து அனுப்பினார்கள். அங்கிருந்து காராசேவு வந்தது. இப்படியே போரும் பலகாரமுமாக ஓடியது. என் கப்பலை மூழ்கடித்த சேதியோடு ஒரு கை தின்பண்டமும் வரும். கோபப்படவும் முடியாது.

முதலில் எல்லாம் கடைப் பலகாரம். மூன்று நான்கு மாதம் போனபின் வீட்டில் செய்த முந்திரிக்கொத்து வர ஆரம்பித்தது. ஆசீரின் ஆட்டமும் அதையொட்டித்தான் தேறியது. அதுவரை முட்டாள்தனமாக முன்னால் ஓடிவந்து அடிவாங்கிக்கொண்டிருந்தவன், திடீரென்று ஆள் மாறினாற்போல் ஆடினான். நல்ல சாப்பாடு மூளைக்கு நல்லது என்று அப்போதே நினைத்தேன்.

மே 9, வெள்ளி

பழைய ஆபீசில் யூ.எஸ்.பி.யில் மாட்டுகிற ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று கிடந்தது. வாங்கி வந்தேன். அட்மிரல் இணையத்தில் கிடைக்கிறது என்று ஷைனி தேடிக் கொடுத்தாள். அதை இந்தக் காலத்து லேப்டாப்பில் ஓடவைக்க ஒரு புரோகிராமும் அனுப்பினாள். எல்லாம் தயார். ஃப்ளாப்பியைப் போட்டால் கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தகட்டில் பூஞ்சை படர்ந்திருக்கிறது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். படிக்க முடியவில்லை என்றது.

அதில் இருந்தது எங்கள் கடைசி ஆட்டம். தொண்ணூற்றேழு ஜனவரியில் வந்த பெட்டி. என் முறை. நான் ஆடி அனுப்பவே இல்லை. ஆசீர் பொங்கலுக்கு மறுநாளே மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டான். பெட்டி அதற்கப்புறம்தான் வந்தது. போகுமுன் ஆடி வைத்துவிட்டுப் போயிருப்பான், பஸ்ஸில் தாமதம். ஆட ஆளே இல்லாத வீட்டுக்கு எதற்கு அனுப்புவது என்று விட்டுவிட்டேன். தவிர, நான் தோற்கும் நிலைமை. அந்த மே மாதமே ஆசீரின் தங்கை ஹெப்சிபாவை எனக்குக் கட்டிவைத்தார்கள். சீர்வரிசைச் சாமான்களுக்கு நடுவில் பெட்டியையும் ஃப்ளாப்பியையும் மறந்தே போனேன்.

நான் லேப்டாப்பின் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததை, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த ஹெப்சிபா பார்த்தாள்.

"போச்சா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"உங்க பெரிய கப்பல் ரெண்டு தீவுக்கு நடுவுல நிக்கும். கரி தீந்து போயிருக்கும். கூட ரெண்டு சின்னது, ஒண்ணுல தீப்பிடிச்சிருக்கும். தெக்க இருந்து காத்து" என்றாள், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் வாயைப் பிளந்து பார்த்தேன். ஆசீர் வீட்டில் சொல்லிக்கொண்டே ஆடியிருப்பான் போல. பெண்களுக்கு ஞாபகசக்தி அதிகம்.

மே 10, சனி

அட்மிரலில் நாமே கப்பல்களை வேண்டிய இடத்தில் நிறுத்தி ஆட்டத்தைத் தொடங்க வசதி உண்டு. என் கப்பல்கள் எங்கே நின்றன என்று எனக்கே பாதிதான் நினைவு. "நவுருங்க" என்று ஹெப்சிபா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு புள்ளியாக வைத்தாள். எந்தக் கப்பலில் எவ்வளவு கரி, எது ஓட்டை, எந்தக் கேப்டன் பயந்தாங்கொள்ளி, எல்லாம் வைத்தாள். மவுஸைத் தொடவே இல்லை. அந்தக் காலத்து விசைகளை விரல் தானாகத் தேடிப் போய் அழுத்தியது. டைப்பிங் கிளாஸ் வீட்டுப் பெண், விரல் ஓடத்தான் செய்யும்.

கடைசியாக வடமேற்கே ஒரு சின்னத் தீவின் முதுகுப் பக்கம் கரிக் கப்பல் ஒன்றை வைத்தாள்.

அந்தக் கரிக் கப்பலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கவும் கூடாது, மூக்கால் சிரித்தேன். ஆசீரின் அடையாளமே அதுதான். பீரங்கி இல்லாத, ஆமை வேகக் கரிக் கப்பல் ஒன்றை எப்போதும் எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பான். அந்த விலைக்கு இரண்டு நல்ல போர்க்கப்பல் கிடைக்கும். நான் கேலி செய்து சீட்டு எழுதி மக்ரூனோடு வைப்பேன். பதில் வராது. ஆனால் ஆட்டம் முடியும் நேரத்தில் என் கப்பல்கள் கரி தீர்ந்து நிற்கும், அவன் கப்பல்கள் வயிறு நிறைய வந்து சேரும். ஊரில் யாரிடம் பேசினாலும் நான் சொல்வது ஒன்றுதான்: ஆசீரைப்போல ஓர் அட்மிரல் கிடையாது. கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். ஷைனிக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் சொல்லாத வாரமில்லை.

மே 11, ஞாயிறு

போட்டிக் கமிட்டிக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். இந்த வருஷம் அறிவிப்புக்கு வேறொரு பையனை ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். "அண்ணாச்சி குரல் மாதிரி வருமா" என்று மூன்று பேரும் சொன்னார்கள். "மாதிரி" என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. இறந்தவனைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது.

அவர்கள் போனபின் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். பேசிப் பார்க்கலாமா, ஒரே ஒரு வார்த்தை, இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்கலாமா என்று. பயமாக இருக்கிறது. இதை எழுதாமல் இத்தனை நாள் தள்ளினேன். பயமாக இருக்கிறது. சாவுக்கு அவ்வளவு இல்லை. சத்தமில்லாமல் இந்த வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் என்னை எனக்கு யாரென்றே தெரியவில்லை.

ஹெப்சிபா வெளியில் இருந்து கதவைத் தட்டினாள். "பேசிராதிய" என்றாள். அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

மே 12, திங்கள்

மஸ்கட்டிலிருந்து ஆசீர் கூப்பிட்டான். ஹெப்சிபா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"மாப்ள, பேசாத, பேசாத. நான் பேசுதேன், நீ கேளு. உன்கிட்ட இப்படிப் பேச முப்பது வருசமா காத்துக்கிட்டிருந்தேன்" என்று அவனே சிரித்துக்கொண்டான். "அட்மிரல எடுத்து வச்சிருக்கியாமே, ஷைனி சொன்னா. எனக்கு அது சுத்தமா மறந்துபோச்சு மாப்ள. நான் எங்க ஆடுனேன்? மூணு மாசத்துலேயே எனக்குப் பொறுமை போயிடுச்சுல்லா."

நான் மேசையை ஒரு தட்டு தட்டினேன்.

"என்ன? கரிக் கப்பலா? ஷைனியும் அதைத்தான் கேட்டா. எப்பப் பாத்தாலும் ஆசீர் கரிக் கப்பலு, ஆசீர் கரிக் கப்பலுன்னு சொல்லுவியாமே. அப்படி ஒரு கப்பல் அதுல இருந்ததே எனக்குத் தெரியாதுல."

நான் மேசையை இரண்டு தட்டு தட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. இப்படி ஒரு நேரத்தில் கேள்வி கேட்க வாயில்லாமல் போனதே! ஹெப்சிபா காலி வாளியோடு இறங்கி வந்து, போனை எடுத்து, "அண்ணே, அவங்களுக்கு மாத்திர நேரம், அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டாள்.

இப்போது எனக்கு எந்த மாத்திரையும் இல்லை.

மே 13, செவ்வாய்

வீட்டில் இரண்டு சிலிண்டர். தீவுக்குப் பின்னால் ஒரு கரிக் கப்பல்.

மே 14, புதன்

காலையில் காபி கொண்டுவந்து வைத்தாள். நான் சிலேட்டில் எழுதி மேசையில் நிறுத்தி வைத்திருந்தேன்: "முந்திரிக்கொத்து யார் செய்தது?"

படித்தாள். உட்கார்ந்தாள். முந்தானையால் மேசையில் இல்லாத ஈரத்தைத் துடைத்தாள்.

"அண்ணனுக்கு அதுல உக்கார முடியல. 'நீயே ஆடு, அவன்கிட்ட சொல்லாத, பொம்பளப் பிள்ளகூட ஆடுதேன்னு தெரிஞ்சா ஆட மாட்டான்'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சிட்டான். நான் கிளாஸ் முடிஞ்சப்புறம் உக்காந்து அந்தப் புத்தகத்த முழுசாப் படிச்சேன்."

"ஏன் சொல்லவில்லை?" என்று எழுதினேன். சிலேட்டில் கேள்விக்குறி பெரிதாக விழுந்துவிட்டது.

"எப்பச் சொல்லுவேன்? கல்யாணமான புதுசுல சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னைக்குச் சாப்பிடும்போது, 'உங்க அண்ணன மாதிரி ஒரு அட்மிரல் கிடையாது, என்ன மூள, என்ன நிதானம்'னு ஆரம்பிச்சிய. ஒரு மணி நேரம் சொன்னிய. எனக்குக் கேக்க அவ்வளவு நல்லாருந்துச்சு. சரி, இன்னொரு நாள் சொல்லுவோம்னு விட்டேன். மறுநாளும் சொன்னிய."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"நான்தான்னு தெரிஞ்சிருந்தா, 'பரவாயில்லையே, நீயும் ஆடுவியா'ன்னு கேட்டுட்டு அதோட விட்டிருப்பிய. அண்ணன்னு நெனச்சதாலதான இத்தன வருசம் ஊரெல்லாம் சொன்னிய? மைக்கில ஆயிரம் பேரப் பத்திச் சொல்லியிருக்கிய. என்னப் பத்தி இதுதான். எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

சிலேட்டிலிருந்த கேள்வியை அழித்தேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் குத்தியது.

"கடைசிப் பெட்டிய நான்தான் அனுப்புனேன். அண்ணன் போனப்புறம். உங்க டர்ன் வரும் வரும்னு பச்ச பஸ்ஸு ஹாரன் கேக்கும்போதெல்லாம் வாசலுக்கு வருவேன். பெட்டி வரல. பொண்ணு கேட்டு உங்க அம்மா வந்தாவ." காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "இப்பவும் உங்க டர்ன்தான்."

எழுந்து அடுப்படிக்குப் போனவள் வாசலில் நின்று, திரும்பாமல் சொன்னாள்: "அந்த ரிப்போர்ட்டு என்னவா வந்தாலும் பாத்துக்கிடலாம். ஆனா அந்தக் கத மட்டும் இன்னொரு தடவ உங்க வாயால கேக்கணும் எனக்கு."

தோள் குலுங்கியது. நான் எழுந்து போய்ப் பின்னால் நின்றேன். பேசத் தெரிந்திருந்தபோதெல்லாம் இப்படிப் போய் நின்றதில்லை.

மே 16, வெள்ளி

லேப்டாப்பைத் திறந்து அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெரிய கப்பல் நடுவில் நிற்கிறது. கரி இல்லை. சண்டை போட முடியாது, ஓடவும் முடியாது. வழிகாட்டிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு விதி உண்டு: கரி தீர்ந்த கப்பல் உதவிக் கொடி ஏற்றலாம். எதிரி இஷ்டப்பட்டால் கட்டி இழுத்துப் போவான், இல்லையென்றால் மூழ்கடிப்பான். அந்த விதியை நான் ஒருநாளும் தொட்டதில்லை. கொடி ஏற்றுவதா, நானா என்ற மிதப்பு.

நாளைக்கு ரிப்போர்ட். ஹெப்சிபா இரண்டு தண்ணீர் பாட்டில், இரண்டு குடை எடுத்து வைத்திருக்கிறாள்.

மே 17, சனி

புற்று இல்லை.

இதை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை வைத்துவிட்டேன். டாக்டர் சொன்னபோது நான் ஹெப்சிபாவைத்தான் பார்த்தேன். அவள் டாக்டர் மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையைத் திறந்து கைக்குட்டை எடுத்தாள். ஒன்று எனக்கும் வைத்திருந்தாள்.

முழுக்க விடுதலை இல்லை. அந்த இடம் கொஞ்சம் சந்தேகத்துக்குரியதுதான், மூன்று மாதத்துக்கொரு முறை பார்க்க வேண்டும். மைக் கூடாது. மைதானம் கூடவே கூடாது. பழைய குரல் திரும்பாது. "சின்னக் குரல்தான் இனிமே. ஆனா குரல் இருக்கும்" என்றார். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷத்தில் ஆரம்பிக்கச் சொன்னார். "ஈ" சொல்லச் சொல்லிக் குழாய் விட்டுப் பார்த்தார். சொன்னேன். அது வார்த்தை இல்லை, கணக்கில் சேராது. பஸ்ஸில் திரும்பும்போதும் நான் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. முதல் வார்த்தையை நான் வேறு வேலைக்கு வைத்திருந்தேன்.

மே 18, ஞாயிறு

அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் கேசரி கிண்டினேன். ஷைனி வீடியோவில் பார்த்துக்கொண்டே, "கிண்டுங்கப்பா, கிண்டுங்க" என்று சத்தம் போட்டாள். அடியில் பிடித்துவிட்டது. மேலாக எடுத்து டிபன் பாக்ஸில் வைத்தேன். அதன்மேல் பிளாஸ்டிக் உறையில் அந்தப் பூஞ்சை பிடித்த ஃப்ளாப்பி. வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாதே. பிறகு லேப்டாப்பில் என் உத்தரவைப் போட்டேன். பெரிய கப்பலில் உதவிக் கொடி.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஹாலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கினி வெயில். மின்விசிறி முழு வேகத்தில் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய் நின்று, அந்தக் காலத்தில் சுடலைமுத்து அண்ணாச்சியிடம் ஜன்னல் வழியாகக் கொடுக்கும்போது சொல்வதையே சொன்னேன்.

"பாளையங்கோட்டைக்கு ஒரு டிபன் பாக்ஸ் அண்ணாச்சி."

அவள் திரும்பவில்லை. ஒரு சேலையை உதறி மடித்தாள். நான் சொன்னது மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டவில்லை. ஆயிரம் பேருக்குக் கேட்ட குரல் ஒரு சேலை தூரம் போகவில்லை. போய்விடலாமா என்றிருந்தது. மறுபடியும் சொன்னேன்.

கை நின்றது. மெல்லத் திரும்பி என் வாயைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். எழுந்து போய் மின்விசிறியை அணைத்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். மெலிந்த, காற்றுக் கலந்த, எனக்கே அறிமுகமில்லாத குரல். அவள் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"பஸ்ஸு ரொம்ப லேட்டு" என்றாள்.

கேசரியை ஒரு விரலால் எடுத்து வாயில் போட்டாள். முகம் கோணியதை மறைக்கத் தெரியவில்லை. பிறகு லேப்டாப்பின் முன் உட்கார்ந்தாள். கொடியைப் பார்த்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தீவுக்குப் பின்னாலிருந்து அவளுடைய கரிக் கப்பல், நான் எத்தனையோ தடவை கேலி செய்த அந்த ஆமை, புகை விட்டுக்கொண்டு கிளம்பியது. சுட வரவில்லை. கயிறு போட வந்தது.

எனக்குப் பத்து நிமிஷத்தில் இன்னும் மிச்சம் இருந்தது. பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வர்ணனையை ஆரம்பித்தேன். "இதோ வடமேற்கிலிருந்து வருகிறார் அட்மிரல் ஹெப்சிபா. என்ன மூளை, என்ன நிதானம். இவரைப்போல ஓர் அட்மிரல் கிடையாது" என்று. சத்தம் போடவில்லை. போடவும் முடியாது. அவள் திரையைப் பார்த்தபடி, காதை மட்டும் என் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே விசைகளை அழுத்தினாள்.

இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. அவள் மின்விசிறியைப் போடவே இல்லை.